பூட்டிய சைக்கிள்

இரண்டாவது பேருந்தும் நிற்காமல் போய்விட்டது. உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் மடியிலெல்லாம் ஆளுக்கொரு ரொட்டி இருந்ததை மிலுதின் ஜன்னல் வழியே பார்த்தார். புனித ஜார்ஜை வீட்டுப் புனிதராக வைத்திருக்கும் குடும்பங்களுக்கு நோவி சாத் நகரத்தில் பஞ்சமே கிடையாது. அவருடைய திருநாளன்று காலையில் அத்தனை பேரும் ரொட்டியைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போவார்கள். மாலையில் மற்ற எல்லோரும் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கிளம்புவார்கள். அழைப்பெல்லாம் கிடையாது. வந்தவரை வா என்று சொல்ல வேண்டியதுதான்.

மிலுதின் கையிலும் ஒரு ரொட்டி இருந்தது. வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தது. தோள்பையில் சர்க்கரைப்பாகில் வேகவைத்த கோதுமை, சிவப்பு ஒயின், மெழுகுவர்த்தி.

பாக்கெட்டில் கைபேசி அடித்தது. மனைவி லூபின்கா.

"போய்ச் சேர்ந்துட்டியா?"

"இதோ, போய்க்கிட்டே இருக்கேன்."

"பாதிரியார் ஒன்பதுக்கு மேல நிக்க மாட்டார், ஞாபகம் வச்சுக்கோ. ரொட்டி பத்திரம். உங்க அக்கா மத்தியானமே வந்துடுவாங்க. எனக்கும் வெளியில வேலை இருக்கு, பாலாடை வாங்கணும்."

ரொட்டி பத்திரம் என்று அவள் சொன்னதில் அர்த்தம் இருந்தது. மிலுதினின் அக்கா தேசான்கா ஒரு தனிப்பிறவி. தம்பி மனைவி செய்யும் சூப்பில் உப்பு, தைக்கும் திரையில் சுருக்கம், வளர்த்த பிள்ளையின் தலைவாரல் என்று எதிலும் குற்றம் கண்டுபிடிக்காமல் அவள் காப்பியைக் குடித்து முடித்ததில்லை. அவள் வாயை அடைக்கிற ஒரே பொருள் லூபின்காவின் திருநாள் ரொட்டி. ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு முந்தின நாள் முழுக்கப் பிசைந்து, பின்னி, மாவிலேயே திராட்சைக்கொடியும் கோதுமைக்கதிரும் செய்து ஒட்டிச் சுட்ட ரொட்டி. வருடத்தில் அந்த ஒரு நாள்தான் லூபின்கா நாத்தனார் எதிரில் நிமிர்ந்து உட்காருவாள்.

பேருந்து நிறுத்தத்தை ஒட்டி வாடகை சைக்கிள்கள் வரிசையாக நின்றன. மிலுதின் முதலில் வேறு பக்கம் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சைக்கிளைப் பார்த்தார்.

அவர் ஒரு சத்தியத்துக்குக் கட்டுப்பட்டவர். போன இலையுதிர்காலத்தில், தெருவில் கிடக்கும், நின்றுகொண்டே ஓட்டுகிற வாடகை மின்சார ஸ்கூட்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய், வாசலிலேயே குப்புற விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அவர் வேதியியல் ஆசிரியர். விழுந்ததை மாணவர்கள் மூன்று கோணங்களில் படம் பிடித்திருந்தார்கள். அன்று இரவு லூபின்கா அவரைப் புனித ஜார்ஜ் படத்துக்கு முன்னால் நிற்கவைத்து, இனி எந்த இரண்டு சக்கரத்திலும் கால் வைக்கமாட்டேன் என்று சொல்லவைத்தாள். "அதுல போறவங்கெல்லாம் வீட்டுக்கு அடங்காதவங்க" என்பது அவளுடைய தீர்ப்பு.

'ரொட்டிக்காகத்தானே' என்று மிலுதின் புனித ஜார்ஜிடம் மனதுக்குள் சொன்னார். அவரே குதிரையில் போகிறவர், புரிந்துகொள்வார். கைபேசியால் ஒரு சைக்கிளைத் திறந்து, அதன் கூடையில் ரொட்டியை வைத்துக்கொண்டு கிளம்பினார்.

பயணம் நன்றாகவே இருந்தது. அதுதான் இன்னும் வெட்கமாக இருந்தது. கோயில் அருகே இருந்த வாடகை சைக்கிள் நிலையத்தில் சைக்கிளைச் செருகிப் பூட்டினார். 'உங்கள் பயணம் முடிந்தது, நன்றி' என்றது கைபேசி. தோள்பையைத் தொட்டுப் பார்த்தால் ஈரம். கோதுமைக் கிண்ணம் சாய்ந்து பாகு ஒழுகிக்கொண்டிருந்தது. ஒட்டவைத்த மணிக்கட்டை நம்பி எல்லாவற்றையும் ஒரே தடவையில் தூக்கப் பயந்தார். முதலில் பையைக் கோயில் மேஜையில் வைத்துவிட்டு வந்து ரொட்டியை எடுத்துக்கொள்ளலாம். சைக்கிள்தான் பூட்டியிருக்கிறதே.

பையை வைத்து, கிண்ணத்தைத் துடைத்து, எதிர்ப்பட்ட இரண்டு பேரிடம் வழக்கப்படி கன்னத்தில் மூன்று மூன்று முத்தம் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது சைக்கிள் இல்லை.

கோயில் வாசலில் மெழுகுவர்த்தி விற்கிறவளிடம் ஓடினார்.

"இங்க நின்ன சைக்கிள் எங்கம்மா?"

"ஒரு பொம்பளை எடுத்துக்கிட்டுப் போனா. தலையில துணி, கறுப்புக் கண்ணாடி. கூடையைப் பார்த்துட்டு ரொம்ப நேரம் அப்படியே நின்னா. அங்க பார்த்தா, இங்க பார்த்தா, கோயிலுக்குள்ளேர்ந்து யாரோ வர்ற சத்தம் கேட்டதும் சட்டுனு ஏறிப் பறந்துட்டா."

"கோயில் வாசல்ல ரொட்டி திருடுறாளே, அவ கை விளங்குமா?" என்றார் மிலுதின். சைக்கிள் கம்பெனிக்கு போன் போட்டார். எதிர்முனையில் ஒரு பெண் பொறுமையாகப் பேசினாள்.

"என் சைக்கிளை யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"நீங்க பூட்டலையா, சார்?"

"பூட்டினேனே. நல்லாவே பூட்டினேன்."

"பூட்டினா அது அடுத்தவங்களுக்குத்தானே, சார்."

மிலுதினுக்கு முகம் சுட்டது. ஐம்பத்தாறு வயதுவரை பூட்டிய சைக்கிள் என்றால் தன் சைக்கிள் என்று நம்பி வாழ்ந்த மனிதர் அவர்.

"அதுல என் ரொட்டி இருக்கும்மா. திருநாள் ரொட்டி."

"அடடா. ஓட்டுறவங்க பேரைச் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை. கொஞ்சம் இருங்க. இப்பத்தான் மீன் சந்தை நிலையத்துல விட்டிருக்காங்க."

மீன் சந்தை அவர் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. கோயில் பக்கத்து நிலையத்தில் வேறு சைக்கிள் இல்லை. நடைபாதையில் ஒரு மின்சார ஸ்கூட்டர் மட்டும் சாய்ந்து கிடந்தது. சைக்கிள் விஷயத்திலாவது வாதாட இடமிருந்தது. ஸ்கூட்டரில் கால் வைத்தபோது மிலுதினுக்கு அதுவும் இல்லாமல் போயிற்று. போக்குவரத்து விளக்கில் நின்றபோது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"சார், இந்தத் தடவை கையை உள்பக்கம் மடிச்சு விழுங்க."

அவருடைய பத்தாம் வகுப்புதான். கைபேசிகள் ஏற்கெனவே உயர்ந்திருந்தன.

மீன் சந்தையில் அதே சைக்கிள் சமர்த்தாக நின்றது. கூடை காலி. பக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண் சுவரில் சாய்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தாள். தலையில் துணி இல்லை, கண்ணாடி இல்லை. ஆனாலும் மிலுதின் யோசிக்கிற நிலையில் இல்லை.

"என் ரொட்டியைத் திங்கிறியா நீ?"

அந்தப் பெண் அவரைப் பார்த்தாள். கலைந்த தலை, பாகு வழிந்த கோட்டு.

"இது பூரெக், மாமா. பாலாடைக்கட்டி வச்சது. பசிக்குதா? பாதி எடுத்துக்குங்க."

அவள் பிய்த்தும் கொடுத்துவிட்டாள். மீன்காரிகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி, "ஐயோ பாவம், நல்ல குடும்பத்து ஆள் மாதிரி இருக்கார்" என்றாள். வேண்டாம் என்று சொன்னால் பேச்சு வளரும் என்று மிலுதின் அதை வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்தது பேக்கரி. கடைக்காரர் கையை விரித்தார்.

"இன்னிக்குப் போய் இப்ப வந்து கேக்குறீங்களே. விடியறதுக்கு முந்தியே எல்லாம் போயிடுச்சு. ஒரு கல்யாண ரொட்டி இருக்கு. கல்யாணம் நின்னுபோச்சாம்."

கல்யாண ரொட்டியின் நடுவே இரண்டு புறாக்கள் மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டிருந்தன. மிலுதின் வெளியே வந்து, சந்து ஒன்றில் நின்று, பேனாக்கத்தியால் புறாக்களைப் பெயர்த்தார். ஒன்று முழுதாக வந்தது. மற்றது கழுத்தோடு ஒடிந்து, உடம்பு ரொட்டியிலேயே தங்கிவிட்டது. வேலியோரத்து ரோஸ்மேரிக் கொத்து ஒன்றைப் பறித்து அதன்மேல் செருகினார். பார்க்கச் சமாதி மாதிரி இருந்தது.

திரும்பவும் ஸ்கூட்டர். இதற்குமேல் அந்தச் சத்தியத்தில் உடைய என்ன மிச்சம்?

பாதிரியார் ஸ்தேவான் கோட்டில் ஒரு கையை நுழைத்துக்கொண்டு கிளம்பும் நேரத்தில் மிலுதின் உள்ளே ஓடினார். பாதிரியார் ரொட்டியைப் பார்த்தார். பிறகு மிலுதினைப் பார்த்தார்.

"இது லூபின்கா கைவேலையா?"

"ஆமாங்க சாமி. கையில வலி அவளுக்கு. பாவம், விரலை மடக்கவே முடியலை."

கோயிலுக்குள், மெழுகுவர்த்தி எரிய, புனித ஜார்ஜ் நேரே பார்த்துக்கொண்டிருக்க, வாய் கூசாமல் வந்துவிட்டது அந்தப் பொய். பாதிரியாரின் முகம் இரங்கியது.

"வேண்டிக்கிறேன். சாயங்காலம் உங்க தெருப்பக்கம்தான் வர்றேன், வீட்டுக்கு வந்து அவளுக்கு ஒரு ஆசீர்வாதமும் கொடுத்துட்டுப் போறேன்."

சடங்குப்படி ரொட்டியைச் சிலுவையாக அறுத்து, ஒயின் ஊற்றி, இருவரும் பிடித்துச் சுற்றினார்கள். மிலுதினுக்குத் தலையும் சேர்ந்து சுற்றியது.

வீட்டில் லூபின்கா துணியை விலக்கிப் பார்த்தாள். என்ன சொல்லப்போகிறாளோ என்று மிலுதின் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவளோ ரோஸ்மேரிக் கொத்தைச் சரியாக நிமிர்த்திவைத்து, ரொட்டியைக் கொண்டுபோய் மேஜையின் நடுவில் வைத்தாள். "கூட்டம் ஜாஸ்தியா?" என்று மட்டும் கேட்டாள், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

"ஜாஸ்திதான்" என்றார் மிலுதின். அவள் கவனிக்காமல் இருக்க வழியே இல்லை. அப்படியானால் ஏன் கேட்கவில்லை? திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

தேசான்கா வந்தாள், உட்கார்ந்தாள், கோதுமை ஒரு கரண்டி எடுத்துக்கொண்டாள், ரொட்டியைப் பார்த்தாள்.

"ஏம்மா லூபின்கா, இது என்ன?"

"ரொட்டி, அண்ணி."

"நீ சுட்டதா?"

மிலுதின் கண்ணை மூடிக்கொண்டார்.

"நான் சுட்டதுதான்" என்றாள் லூபின்கா.

"அதானே பார்த்தேன். ஒரு வேலையாவது உருப்படியாத் தெரியும்னு நினைச்சிருந்தேன். அதுவும் இவ்வளவு வருஷம் குருட்டாம்போக்குலதான் வந்திருக்கு போல."

லூபின்கா தலையைக் குனிந்துகொண்டு முட்டைக்கோஸ் உருண்டைகளைப் பரிமாறினாள். மாலையில் வீடு நிறைந்தது. வந்தவர்கள் எல்லோருக்கும் தேசான்கா ரொட்டியைச் சுட்டிக்காட்டினாள். பாதிரியாரும் வந்தார். வந்ததும் நேராக லூபின்காவின் கையைப் பிடித்து, "வலி எப்படிம்மா இருக்கு? இந்தக் கையை வச்சுக்கிட்டா மாவு பிசைஞ்ச?" என்றார். லூபின்கா கணவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இப்பத் தேவலை, சாமி" என்றாள்.

அவ்வளவுதான், மிலுதினால் தாங்க முடியவில்லை. தன்னைக் காப்பாற்றுவதற்காக அவள் இத்தனை பேர் முன்னால் அவமானத்தைச் சுமக்கிறாள். கையிலிருந்த ராக்கியா சாராயத்தை ஒரே மடக்காகக் குடித்துவிட்டு எழுந்து நின்றார்.

"இது லூபின்கா சுட்ட ரொட்டி இல்லை."

தேசான்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அவ சுட்டது தேவதை மாதிரி இருந்துச்சு. நான்தான் தொலைச்சேன். சத்தியத்தை மீறி வாடகை சைக்கிள்ல போனேன். ஸ்கூட்டர்லயும் போனேன், ரெண்டு தடவை. இது நின்னுபோன கல்யாணத்தோட ரொட்டி. சாமி, அவ கைக்கு ஒரு வலியும் இல்லை, நான் கோயில்ல வச்சே பொய் சொன்னேன்." குரல் உடைந்தது. "எவளோ ஒருத்தி, கோயில் வாசல்ல, கூடையில இருந்த திருநாள் ரொட்டியைத் தூக்கிட்டுப் போயிட்டா. அவளுக்கு வீடு வாசல் இருக்குமா? வெக்கம் மானம் இருந்தா அப்படியே கொண்டுவந்து கொடுத்திருக்க மாட்டாளா?"

லூபின்காவின் முகம் கழுத்துவரை சிவந்தது. கண்ணில் நீர் முட்டியது. தன்னால்தான் என்று மிலுதினுக்கு நெஞ்சு வலித்தது.

தேசான்கா எழுந்து வந்து லூபின்காவைத் தோளோடு அணைத்துக்கொண்டாள். இருபது வருடத்தில் முதல் தடவை.

"மன்னிச்சுக்கம்மா. இந்த மடையனுக்காகப் பழியைத் தலையில போட்டுக்கிட்டு நின்னியே. டேய் மிலுதின், இவ கால் தூசிக்குப் பெறுவியாடா நீ? உனக்கு ரெண்டு சக்கரம் கேக்குதா? இவளைப் பார்த்துக் கத்துக்க, பேசின பேச்சு மாறாதவ."

"அண்ணி, போதும், விடுங்க" என்றாள் லூபின்கா.

"எதுக்கு விடணும்? அந்தத் திருட்டுச் சிறுக்கி மட்டும் என் கையில கிடைக்கட்டும்."

விருந்தாளிகள் எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். பாதிரியாரும் மெல்லத் தலையாட்டினார். மிலுதின் நிமிர்ந்து பார்க்கத் துணிவில்லாமல் மேஜைவிரிப்பின் பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தே இருந்தது. மீன் சந்தை மூலையில் முடி அலங்காரக் கடை வைத்திருக்கும் யாகோதா, திருநாள் வாழ்த்துச் சொல்ல எல்லோரையும் போல அழையாமலே வந்தவள், ஒரு கையில் வெள்ளைத் துணி மூட்டையும் மறு கையில் ஒரு தலைக்கவசமுமாக வாசலில் மூச்சுவாங்க நின்றாள்.

"லூபின்கா, காலையில கோயில் பக்கத்துலேர்ந்து நீ ஓட்டிக்கிட்டு வந்த சைக்கிள் கூடையில இருந்துச்சுன்னு என்கிட்ட விட்டுட்டுப் போனியே அந்த ரொட்டி, இந்தா பிடி, நாளைக்கு என் கடை லீவு, அதனால நீ தினமும் ஆபீசுக்கு சைக்கிள்ல போறதுக்கு என்கிட்ட ஒளிச்சு வைக்கிற இந்தத் தொப்பியையும் எடுத்துக்கிட்டு வந்துட்டேன்."