ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போன மூச்சு

எதையும் தேதி போட்டு எழுதிவைக்கிறவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. தன் அசட்டுத்தனத்தை அவனால் பின்னால் மறுக்க முடியாது. என் டைரி சொல்கிறது: செவ்வாய்க்கிழமை, காலை ஏழு பத்து. எழுபதுகளின் நடுவில்.

என் மாமனார் தூத்துக்குடிக் கடலில் சங்கு குளித்தவர். மூச்சைப் பிடித்துக்கொண்டு அடிக்குப் போய்ச் சங்கு எடுத்து வருவார். அவருக்கு மூன்று மாதமாக இருமல். ஆளும் வற்றிக்கொண்டே வந்தார். புற்றுநோயோ என்று வீட்டில் எல்லோருக்கும் பயம். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போனா இல்லாத நோவையும் எழுதிக் குடுப்பான்" என்று அவரும் அசையவில்லை.

அந்த வாரம் நூலகத்தில் ஒரு பத்திரிகை படித்தேன். நாம் விடும் மூச்சில் நூற்றுக்கணக்கான பொருள்கள் கலந்திருக்கின்றனவாம். அதைச் சோதித்தே புற்றுநோயை ஒருநாள் கண்டுபிடிக்கலாமாம். (அந்த 'ஒருநாள்' என் கண்ணில் படவில்லை.)

"மாமா, நீங்க வர வேண்டாம். உங்க மூச்சு மட்டும் போயிட்டு வரட்டும்" என்று கால்பந்துக்குள் வைத்து ஊதும் புது ரப்பர் பிளாடர் ஒன்றை நீட்டினேன். "நல்லா இழுத்து, கொஞ்சம் பிடிச்சு, ஊதுங்க."

சங்கு குளித்தவரிடம் போய் 'கொஞ்சம் பிடி' என்று சொல்லலாமா? மூக்கைப் பொத்திக்கொண்டு, என் கைக்கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லி ஜாடை காட்டினார். நாற்பத்தோராவது வினாடியில் இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது. மிச்சத்தைப் பிளாடரில் ஊதினார்.

"எவ்வளவு மாப்ள?"

"நாப்பத்தொண்ணு."

"கடியாரத்துக்குச் சாவி குடுத்தியளா?"

நான் பிளாடரின் வாயை நூலால் கட்டி, பெயர், தேதி, நேரம், வினாடி எல்லாம் எழுதிய சீட்டையும் சேர்த்துக் கட்டினேன்.

பஸ்ஸில் பக்கத்து அண்ணாச்சி கேட்டார்: "வெளையாடவா தம்பி?"

"இல்ல அண்ணாச்சி, மாமனார் மூச்சு."

அவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

டாக்டர் பிளாடரை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "மாமனார் எங்கய்யா?"

"வீட்ல இருக்காரு சார்."

"மூச்சை இங்கன அனுப்பிட்டு அங்கன என்ன செய்யுதாரு?"

வரிசை முழுக்கச் சிரித்தது. நர்சுக்குப் புரை ஏறியது. டாக்டரும் சிரித்துக்கொண்டே சீட்டைப் படித்தார். "இது என்ன, நாப்பத்தொண்ணு?"

"மூச்சுப் பிடிச்சது சார். முன்னெல்லாம் தொண்ணூறுக்குக் குறைஞ்சதில்ல."

அவர் சிரிப்பு நின்றது. "இந்தப் பந்தை எடுத்துக்கிட்டுப் போய், ஆளைக் கூட்டிட்டு வா."

எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று யோசித்து யோசித்துக் களைத்து வீடு வந்தேன். மாமனார் வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் பக்கத்து வீட்டுச் சுவர்க்கடிகாரம்.

"நாலு வாட்டி பாத்துட்டேன் மாப்ள. நாப்பத்தொண்ணுக்கு மேல வரமாட்டேங்கு. வாங்க, போவோம்."

எக்ஸ்ரே, சளிச் சோதனை எல்லாம் நடந்தன. புற்றுநோய் இல்லை, காசநோய். ஒன்றரை வருடம் ஊசியும் மாத்திரையுமாகப் போனது. ஒவ்வொரு மாதமும் அந்த டாக்டர் முன்னால் நான்தான் நிற்க வேண்டியிருந்தது. "இன்னைக்கு ஆளும் மூச்சும் சேந்தே வந்திருக்கா?" என்று தவறாமல் கேட்பார். மாமனார் பிழைத்தார். என் மானம் பிழைக்கவில்லை.

இப்போதும் நான் பெருமூச்சு விட்டால் அடுப்படியிலிருந்து என் மனைவியின் குரல் வரும்: "தேதி போட்டுக் கட்டிட்டியளா?"

அதைக் கேட்டதும் இன்னொரு பெருமூச்சு வந்துவிடுகிறது.