மூன்று முடிச்சும் முடியாமல் அட்சதை கிடையாது

செங்கல்பட்டு மாவட்டத்திலேயே டிவியைப் பார்க்காமல், டிவி பார்ப்பவர்களையே பார்த்துக்கொண்டிருந்த ஒரே பிரகிருதி எங்கள் கட்டம் அண்ணாத்ததான். கல்யாண மண்டபங்களிலிருந்து நேரலையாக வீடியோ அனுப்புவது அவர் தொழில். படம் கட்டம் கட்டமாக உடைந்தால் இழவு விழுந்ததுபோல் ஆகிவிடுவார். அதனால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும்.

பொத்தேரி பரோட்டா கடையில் கிரிக்கெட் ஓடும்போது, டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சாப்பிடுகிறவர்களை முறைத்துக்கொண்டிருப்பார். ஒருநாள் திரையின் மூலையில் படம் உடைந்தது. அதே நொடியில் விக்கெட் விழுந்து, வர்ணனையாளர் அலறினார். கடையில் ஒருத்தரும் விக்கெட்டைப் பார்க்கவில்லை.

"பாத்தியா நைனா! விக்கெட்டு நடுவுல வுழுது, எல்லார் கண்ணும் மூலைல கீது! எங்க கோளாறோ அங்கதான் கண்ணு ஓடும்."

"மொத்தப் படமும் கலங்கிட்டா?" என்று கேட்டேன்.

"மூஞ்சியத் தேடும். அதுவும் தெரியலன்னா கல்லாவுல குந்திகினு கீறவரத் தேடும், திட்றதுக்கு."

தன்னைத்தான் முறைக்கிறார் என்று நினைத்து, பரோட்டா மாஸ்டர் கரண்டியோடு வந்துவிட்டார். நான்தான் சமாதானம் செய்து அனுப்பினேன்.

என் தங்கைக்கு மாமல்லபுரத்தில், கடலோர மண்டபத்தில் கல்யாணம். பத்து நாள் முன்பு அப்பா வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, செங்கல்பட்டில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். "முகூர்த்தத்த மாத்தாத. தாலி கட்றத மட்டும் போன்ல எனக்குக் காட்டிடு" என்றார். அண்ணாத்தயிடம் சொன்னேன். "காட்றேன்" என்றார். அவ்வளவுதான்.

மண்டபத்தில் சிக்னல் ஒரு கோடு வரும், போகும். அண்ணாத்த மேடையில் மினுக்கிய ஜிகினாத் திரையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டினார். அலங்காரக்காரர் அழாத குறை. அடுத்து அட்சதைத் தட்டுக்கு வந்தார்.

"யாரும் அரிசி போடக் கூடாது!"

அத்தை சீறினாள். "இன்னாது? அரிசி போடாம இன்னாய்யா கல்யாணம்?"

"பறக்கற ஒவ்வொரு அரிசியையும் போனு தனித்தனியா அனுப்பப் பாக்கும்மா. கீற சிக்னலுக்கு மூச்சு முட்டிப் பூடும். படம் ஒடைஞ்சா பொண்ணோட அப்பா தாலியப் பாக்க மாட்டாரு, கட்டத்தத்தான் பாப்பாரு. மூணு முடிச்சும் முடியட்டும். அப்பால மூட்டையா கொட்டு!"

கெட்டிமேளம் முழங்கியது. பழக்கதோஷம், முந்நூறு கைகளும் உயர்ந்தன. அண்ணாத்த போனை ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டு மேடைக்கு முன்னால் பாய்ந்து, இரண்டு கைகளையும் விரித்துக் குதித்தார். "இரு! இரு! ரெண்டாவதுதான் ஆவுது! மூணு... ஆங், போடு!" அத்தனை அரிசியும் அவர் தலையில்தான் விழுந்தது.

உடனே அப்பாவுக்கு போன் போட்டேன்.

"கண்ணாடி மாதிரி தெரிஞ்சுதுடா. ஆமா, ஓரத்துல ஒருத்தர் குதிச்சாரே, யாரு? மொத ரெண்டு முடிச்சும் அவரத்தான் பாத்துகினு இருந்தேன்."

ஸ்பீக்கரில் கேட்ட அண்ணாத்த, தலை நிறைய அரிசியோடு மேடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "பேஜாரா பூடுச்சே! படத்துல இருந்த ஒரே கோளாறு நான்தானா?"

"மூணாவது முடிச்சுல பாப்பா மொகத்தப் பாத்துட்டேன் தம்பி. எனக்கு அது போதும்" என்றார் அப்பா. இரண்டு பக்கமும் மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது.

அந்த வீடியோ இன்னும் என் போனில் இருக்கிறது. தங்கையைப் பார்க்கத்தான் போடுகிறேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் கண்ணும் அந்த ஓரத்துக்குத்தான் போகிறது. போகட்டுமே, அந்த மனுஷனைப் பார்த்தால் மனசு நிறைந்துவிடுகிறது.