நின்ற கார் போன கார் ஆகாது

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் சத்தியம். சந்தேகப்படுகிறவர்கள் கோலசிலாங்கூர்க் குன்றின் மேல், கலங்கரை விளக்கத்தடியில் உட்கார்ந்திருக்கும் குரங்குகளைக் கேட்டுக்கொள்ளலாம். கையில் இருக்கிற கச்சான் கடலையைப் பிடுங்கித் தின்னுமே தவிர, இதுநாள்வரை அவை பொய் சொன்னதாக ஒரு புகாரும் கிடையாது.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி. அசாம் ஜாவா பெரிய சாலையோரத்தில், தன் சாப்பாட்டுக் கடை வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த சீனி முகம்மது வாளியை அப்படியே கீழே போட்டார்.

எதிர்ப்பக்கத்துக் காலி மனையில் ஒரு பெரிய குடை முளைத்திருந்தது. அதன்கீழ் மடக்கு நாற்காலியில் ஆரஞ்சு மேற்சட்டை போட்ட ஒரு பெண். கட்டைவிரலால் அமுக்கினால் எண் கூடுகிற சின்னக் கருவி, கைக்கு ஒன்றாக இரண்டு வைத்திருந்தாள். டிக். டிக்.

"சல்மா! வந்துட்டாங்க!"

"யாருங்க? வெங்காயக்காரரா?" என்று உள்ளேயிருந்து மனைவி கேட்டாள்.

"நம்ம கடையைப் புதைக்கக் கஃபன் துணி அளக்க வந்திருக்காங்க புள்ள!"

விஷயம் இதுதான். கிள்ளானில் கிளம்பி, கோலசிலாங்கூர் தாண்டி, சபாக் பெர்ணம் வழியாகப் பேராக் மாநிலத்துக்குள் நுழைகிறது அந்தச் சாலை. வெள்ளிக்கிழமை மத்தியானம் அதில் அகப்பட்டவன் திங்கட்கிழமைதான் வீட்டுப் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பான். பெருநாளுக்குப் புறப்பட்டவன் ஊர் போய்ச் சேர்வதற்குள் அடுத்த பெருநாளுக்குப் பிறை தெரிந்ததும் உண்டு. ஆகவே சாலையை நாலு தடமாக அகலப்படுத்துவதென்று பேச்சு வந்து, போன வாரம் கம்பத்து ஊர் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள்.

அகலப்படுத்துவதில் யாருக்கும் தகராறு இல்லை. காசை யார் கொடுப்பது என்பதில்தான் தகராறு.

தோட்டத்தில் ஆள் மேய்க்கும் மண்டோராக இருந்து ஓய்வுபெற்ற அப்பளசாமி முதலில் எழுந்தார். "பேராக்காரன்கிட்ட மட்டும் வாங்குங்க லா. ரோடு நம்ம ரோடு. அவன் ஊருக்குப் போறதுக்கு நாம ஏன் அழணும்?"

மீன் வியாபாரி சுல்கிஃப்லி, பெருநாளுக்குப் போகிறவனிடம் மட்டும் டோல் வாங்கினால் போதும், திரும்பி வருகிறவன் பையில் எதுவும் இருக்காது என்றார். நவமணி டீச்சர் எழுந்து, "ஓரத்துல புகுந்து முந்துறானுங்க பாருங்க, அவனுங்ககிட்ட ஆளுக்குப் பத்து வெள்ளி வாங்குங்க. ஒரே மாசத்துல ரோடு போட்டு, மிச்சத்துல பாலமும் கட்டலாம்," என்றார். கைதட்டல் அடங்க நேரமானது. தட்டியவர்களில் பாதிப்பேர் அன்றைக்கு அப்படி முந்தித்தான் கூட்டத்துக்கு வந்திருந்தார்கள்.

அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, எழுதியதை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: ஒரு கம்பெனி தன் காசில் சாலை போடும், பிறகு டோல் வைத்து எடுத்துக்கொள்ளும். ஆனால் ஒரு நாளைக்கு முப்பதாயிரம் வண்டியாவது ஓடினால்தான் கம்பெனிக்குக் கட்டுப்படியாகும். குறைந்தால் திட்டம் குப்பைக்கூடைக்கு. அதனால் முதலில் வண்டிகளை எண்ண ஆள் வரும்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வரைபடத்தையும் விரித்துவிட்டார். சீனி முகம்மது கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். புதுச் சாலையின் சிவப்புக் கோடு, செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர் கடைக்குள் நுழைந்திருந்தது. முன்பக்கத்து எட்டு மேசை, மீன்தலைக் கறிச் சட்டி, ரொட்டிக் கல் எல்லாம் போயிற்று. டீ கலக்குகிற செல்லன் நிற்கும் இடம் வலது தடத்தின் நட்டநடுவில் இருந்தது.

"அப்ப நான் டீயை இந்தக் கரையிலேர்ந்து இழுத்து அந்தக் கரையில ஊத்தணுமா மொதலாளி?" என்று செல்லன் கேட்டான்.

வாப்பா கட்டிய கடை. முன்பாதி அரசாங்க நிலம் என்பது வாப்பாவுக்கும் தெரியும், அரசாங்கத்துக்கும் தெரியும். நாற்பத்தெட்டு வருஷமாக இரு தரப்பும் மரியாதை கருதி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அதை விட்டால் சீனி முகம்மதுவுக்கு வேறு கடை இல்லை. வேறு தொழில் தெரியாது.

ஆகவே, வண்டிகள் குறைந்தாக வேண்டும்.

முதல் வேலையாக இழுத்து ஆற்றிய தே தாரிக் டீ ஒரு பையும், நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு ஒரு பொட்டலமும் எடுத்துக்கொண்டு அவரே சாலையைத் தாண்டிப் போனார். சாப்பிடுகிற கை எண்ணாது என்பது அவருடைய கணக்கு.

"பேரு என்னம்மா?"

"நித்தியா, அங்கிள்."

"யாரு அனுப்பிச்சாங்க?"

"சர்வே அங்கிள். வெளிய சொல்லக் கூடாதுன்னு கம்பெனி ரூல்."

கம்பெனி! டோல் வைக்கப்போகிற கம்பெனியேதான்.

"உங்க கடையில எது அங்கிள் நல்லா ஓடுது?" என்று அவள் கேட்டாள்.

"மீன்தலைக் கறி."

"டாய்லெட் எத்தனை?"

இடிப்பதற்கு நஷ்டஈடு கணக்குப் பார்க்கிறாள் என்று அவருக்குப் பட்டது. இருந்தது இரண்டு, அதில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. "நாலுன்னு எழுதிக்கம்மா," என்றார்.

அவள் எழுதிக்கொண்டாள். டீப் பையை நாற்காலியில் மாட்டி, ஸ்ட்ராவை மட்டும் வாயில் கவ்விக்கொண்டாள். இரண்டு கையும் ஓயவில்லை.

கடைக்குத் திரும்பியபோது செல்லன் ஒரு சேதி வைத்திருந்தான். "மொதலாளி, நானும் பாக்குறேன், பத்து காரு போனா ஒரு தடவதான் அமுக்குது அந்தப் பொண்ணு."

"மடையா, அவங்க பத்துக்கு ஒண்ணா எண்றாங்க. ஒரு டிக்குன்னா பத்து காரு. முப்பதாயிரம் என்ன, மத்தியானத்துக்குள்ள மூணு லட்சம் வந்துடும் போ!"

அன்று மத்தியானம் கல்லாவில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருக்கையில் அவருக்கு அந்த யோசனை வந்தது. எண்ணுவது ஓடுகிற காரை. நிற்கிற காரை எப்படி எண்ணுவது?

"நின்ன காரு போன காரு ஆகாது, சல்மா. சும்மா டீ குடுத்து எல்லாக் காரையும் நிப்பாட்டிட்டா?"

"குடிச்சி முடிச்சா கிளம்பித்தானேங்க ஆகணும்?"

"அதுக்குள்ள பொழுது போயிடும் புள்ள. அந்தப் பொண்ணும் குடையை மடிச்சிட்டுப் போயிடும்."

புதன்கிழமை காலை, பால் டின் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, 'தே தாரிக் இலவசம்' என்று மூன்று மொழியில் எழுதிச் சாலையோரம் நட்டார். முதல் அரை மணி நேரம் யாரும் நிற்கவில்லை. ஏதோ கட்சிக் கூட்டம் என்று நினைத்துக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனார்கள். பிறகு செம்பனைக் குலை ஏற்றிய ஒரு லோரி நின்றது. லோரிக்காரன் குடித்துவிட்டும் உயிரோடு இருப்பதைக் கண்டு, பின்னால் நான்கு கார்கள் நின்றன.

செல்லன் நல்லவன். முதலாளியின் தர்மம் நாலு பேருக்குத் தெரியட்டும் என்று அட்டையைப் படம் பிடித்துக் கோயில் கமிட்டி வாட்ஸ்அப்புக்கு அனுப்பினான். பத்து மணிக்குச் சுங்கை பஞ்சாங்கிலிருந்து நெல் அறுத்துக்கொண்டிருந்தவர்கள் அறுவடை இயந்திரத்தோடு வந்தார்கள். பதினொன்றுக்கு உலு யாமிலிருந்து ஒரு கல்யாண பஸ் வந்தது. மாப்பிள்ளை இரண்டு கிளாஸ் குடித்தான்.

பன்னிரண்டு மணிக்குச் சாலையில் எதுவும் நகரவில்லை. முன்னால் நிற்கிறவன் எதற்கு நிற்கிறான் என்று தெரியாமலே பின்னால் ஆறு கிலோமீட்டருக்கு ஆட்கள் நின்றார்கள்.

சீனி முகம்மதுவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு கார் ஓடவில்லை! காதைத் தீட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் கேட்டார்.

டிக் டிக் டிக் டிக் டிக்.

நேற்றைவிட வேகம். விழுந்தடித்து ஓடினார். "ஏம்மா, இது அநியாயமில்லையா? ஒரு காரும் ஓடலியே! என்னத்த எண்ற நீ? அந்தச் சிவப்பு மைவி காரை எண்ணிட்டியே!"

"அது இப்பத்தானே அங்கிள் வந்து நின்னுச்சு," என்றாள் நித்தியா, முகம் மாறாமல்.

நின்றால் கண்ணில் நன்றாகப் படுகிறது, அதனால் விடாமல் எண்ணுகிறாள் என்று அவருக்குப் புரிந்தது. அப்படியானால் சாலையில் நிற்கவும் கூடாது, ஓடவும் கூடாது. மறைத்து வைக்க வேண்டும். கடைக்குப் பின்னால் தோட்டத்துப் பந்துத் திடல் இருக்கிறது. அப்பளசாமிக்கு ஆள் அனுப்பினார்.

அப்பளசாமி ஊதலும் பழைய மண்டோர் தொப்பியுமாக வந்தார். காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு ஆட்களை வரிசை கட்டி நிறுத்திய அதே குரலில் கார்களைத் திடலுக்குள் ஓட்டினார். "டேய் வெள்ளைக் காரு! வரிசையில நில்லு! லேட்டா வந்தா அரை நாள் சம்பளம் கட்!"

நிறுத்த இடம் இருக்கிறது என்று தெரிந்ததும், இதுவரை தயங்கிப் போனவர்களும் திரும்பி வந்தார்கள். நெரிசலைக் கலைக்க வந்த இரண்டு போலீஸ்காரர்கள், மோட்டார் சைக்கிளைத் திடலில் வரிசையில் விட்டுவிட்டு, சீனி கம்மியாக ஆளுக்கொரு டீ சொன்னார்கள்.

மூன்று மணிக்குத் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரான ஒய்.பி. வந்தார். யாரும் அழைத்து வரவில்லை. அவரும் நெரிசலில் மாட்டிக்கொண்டவர்தான். கூடவே ஒரு நிருபரும் மாட்டியிருந்தார். ஒய்.பி. சீனி முகம்மதுவின் நாற்காலி மேலேயே ஏறி நின்றுகொண்டார்.

"பாருங்க இந்தக் கொடுமையை! இந்த மக்களுக்கு நாலு தடம் எப்படிப் போதும்? ஆறு தடம் வேணும்! டோல் பத்தலைன்னா இரண்டு பக்கமும் டோல் வைப்போம்!"

கூட்டம் கைதட்டியது. கைதட்டினால் இன்னொரு டீ கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

"ஆறு தடம்னா எதுவரைக்கும்ங்க வரும்?" என்று சல்மா கேட்டாள்.

"சமையல்கட்டு."

"எட்டுன்னா?"

"நாம படுக்குற அறை."

"அப்ப நாளைக்கு நீங்க வாயைத் தொறக்காதீங்க. பத்தாக்கிடுவீங்க."

இரவெல்லாம் புரண்டு படுத்தவர், வியாழக்கிழமை காலை கடைசி அஸ்திரத்தை எடுத்தார். கடையை மூடினார். வாப்பா மவுத்தாகி அடக்கம் செய்த அன்றைக்கு அரை நாள் மூடியதற்குப் பிறகு அந்த ஷட்டர் பகலில் இறங்கியது அன்றுதான். அட்டையைப் பிடுங்கி அடுப்பில் போட்டார். டீ இல்லை, கடை இல்லை. இனி எவன் இந்தப் பக்கம் வருவான்? முக்காலியைப் போட்டு ஷட்டருக்கு முன்னால் சாலையைப் பார்த்து உட்கார்ந்தார். அரை மணி நேரம் நிம்மதியாகப் போனது. எதிர்ப்பக்கம் ஒரு டிக் கிடையாது.

அப்புறம் நவமணி டீச்சரின் கார் வந்து நின்றது. டீச்சர் இறங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"என்ன பாய், அதுக்குள்ள இடிக்கச் சொல்லிட்டாங்களா?"

"அதெல்லாம் இல்ல டீச்சர், சும்மா..."

"மறைக்காதீங்க பாய். நேத்து ஊருக்கே சும்மா டீ ஊத்தினப்பவே நெனச்சேன். கடைசியா ஒரு தர்மம் பண்றாருன்னு."

டீச்சர் போனில் சொன்னார். கேட்டவர்கள் தங்கள் போனில் சொன்னார்கள். பத்து மணிக்கு மூடிய கடைக்கு முன்னால் இழவு வீட்டுக் கூட்டம். சுங்கை பஞ்சாங்கிலிருந்து ஒருவர் அரிசி மூட்டை கொண்டுவந்தார். உலு யாம் மாப்பிள்ளை புதுப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்து ஆசீர்வாதம் வாங்கினான். அப்பளசாமி ஊதலை ஊதாமல், கழுத்தில் தொங்கவிட்டபடி மௌனமாகக் கார்களைக் கைகாட்டி நிறுத்தினார். ஒவ்வொருவரும் இறங்கி, சீனி முகம்மதுவைக் கட்டிப்பிடித்து, மூடிய ஷட்டரையும் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"நான் நல்லாத்தான் இருக்கேன்! போங்க! காரை எடுங்க!" என்று அவர் கத்தினார்.

"துக்கத்துல பேசுறாரு," என்று சொல்லி இன்னும் பத்துப் பேர் இறங்கினார்கள்.

டிக் டிக் டிக் டிக்.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூட்டம் கலைந்தது. நித்தியா குடையை மடித்துக் காரில் போட்டுவிட்டு, மூன்று நாளும் சல்மா மத்தியானச் சோறு கொடுத்தனுப்பிய டிபன் கேரியரைக் கழுவி எடுத்துக்கொண்டு சாலையைத் தாண்டி வந்தாள்.

"ரொம்ப நன்றி அங்கிள். இவ்வளவு நல்லா யாரும் எங்களைக் கவனிச்சதில்ல. வேலை முடிஞ்சிருச்சி. கம்பெனியில பதிலும் சொல்லிட்டாங்க."

சீனி முகம்மது முக்காலியை விட்டு எழுந்து நின்றார். எதுவானாலும் நின்றுகொண்டு கேட்பது வாப்பா கற்றுக்கொடுத்த பழக்கம். சல்மா பின்னால் வந்து அவர் சட்டை முனையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லும்மா. நாலு தடமா, ஆறு தடமா?"

"என்ன தடம் அங்கிள்? நாங்க ரோட்டு ஆளுங்க இல்லியே," என்றாள் நித்தியா. "கோலாலம்பூர்ல இருபத்துநாலு மணி நேரச் சாப்பாட்டுக் கடை நடத்துறவங்க அனுப்பினாங்க. எதிர்ல உள்ள மனையில கிளை போடலாமான்னு பாக்க, இந்தக் கையில நிக்கிற காரு, அந்தக் கையில இறங்குற ஆளு, அவ்வளவுதான் எண்ணச் சொன்னாங்க."

டிபன் கேரியரை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சிரித்தாள்.

"மூடுன கடைக்கு முன்னாடியே முந்நூத்திப் பன்னெண்டு காரு நிக்குதுன்னு சொன்னேன் அங்கிள், பாஸ் உடனே மனைக்கு அட்வான்ஸ் குடுத்துட்டாரு."