மச்சாளின் ஆராய்ச்சியும் என் வலக்கையும்

உதவி செய்யத் துடிக்கிறவனை ஒருபோதும் ஆராய்ச்சியில் சேர்க்கக் கூடாது. இதை என் மச்சாள் வதனி என்னால் பட்டுத் தெரிந்துகொண்டாள்.

வதனி என் மாமாவின் மகள், டொக்டர். உடற்பயிற்சி நாடிகளை என்ன செய்கிறது என்று மேற்படிப்புக்காக ஆராய்ந்துகொண்டிருந்தாள். (நாடி என்றால் நாடி சாத்திரம் இல்லை, இதயத்திலிருந்து இரத்தம் போகிற குழாய்.) நானோ வெள்ளவத்தையில் ஒரு ஃப்ளாட்டில் அம்மாவோடு இருந்துகொண்டு, கணக்கியல் சோதனையில் தவறாமல் தவறிக்கொண்டிருந்தேன். அவள் மேல் எனக்கு ஒரு கண். அது அவளைத் தவிர இரண்டு வீட்டிலும் எல்லோருக்கும் தெரியும்.

அவளுக்குப் பன்னிரண்டு இளந்தாரிகள் தேவைப்பட்டார்கள். யுத்தம் திரும்பவும் மூண்டிருந்த நேரம். இத்தனை செக்பொயின்ற் தாண்டி அடிக்கடி வந்து போ என்றால் எந்தத் தாய் மகனை விடுவாள்? பதினொரு பேரோடு நின்றுவிட்டது.

"ஒராள் குறைஞ்சாலும் புரொபசர் ஏற்கமாட்டார்," என்று எங்கள் வீட்டில் வந்து தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தாள்.

"நான் இருக்கிறன்," என்றேன். நாட்டைக் காக்கப் புறப்பட்டவன் மாதிரி நெஞ்சை வேறு நிமிர்த்தினேன்.

இடக்கையால் ஒரு ரப்பர் பிடியை அரை மணி நேரம் அழுத்தி அழுத்தி விட வேண்டும். அவ்வளவுதான் பயிற்சி. சில வாரங்களுக்கு ஒருமுறை அளவு எடுப்பாள். கையில் பட்டியைக் கட்டிக் காற்றடித்து, ஐந்து நிமிடம் இரத்தத்தை நிறுத்துவாள். கை விறைத்து, யாருடையதோ மாதிரிக் கிடக்கும். பட்டியைத் தளர்த்தியதும் இரத்தம் பாய, நாடி எவ்வளவு விரிகிறது என்று ஸ்கானில் பார்ப்பாள்.

"பயிற்சி செய்யச் செய்ய முதல்லை இந்த விரியிற கெட்டித்தனம் கூடும். விடாமல் செய்தால் பிறகு குழாயே பெருக்கும். ஆனா வலக்கைக்குப் புதுசா ஒரு வேலையும் குடுக்கக் கூடாது. அதோடைதான் ஒப்பிட்டுப் பாக்கிறது. விளங்குதே?"

"ஓம்," என்றேன். வலக்கையைப் பிறந்த குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டேன். பஸ்ஸில் இடக்கையால் தொங்கினேன். சந்தைப் பையை இடக்கையால் தூக்கினேன். கோவிலில் விபூதிக்கு இடக்கையை நீட்டினேன். ஐயர் தட்டை இழுத்துக்கொண்டார். ஒருநாள் செக்பொயின்ற்றில் அடையாள அட்டையையும் இடக்கையாலேயே நீட்டிவிட்டேன். மற்றக் கைக்கு என்ன என்று ஆமிக்காரன் சிங்களத்தில் அதட்டினான். "ரெஸ்ட் மாத்தயா, டொக்டர் சொன்னவ" என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அந்தக் கையை அவன் திருப்பித் திருப்பிப் பார்த்து முடிக்க, என் பஸ் போய் இன்னும் இரண்டு பஸ்ஸும் போயிருந்தன.

இதற்கிடையில் யாழ்ப்பாணத்துப் பாதை மூடிவிட்டது. அப்பா அங்கே அகப்பட்டுக்கொண்டார். வீட்டுச் செலவுக்காக அம்மா கீழேயிருந்த கடைக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கத் தொடங்கினாள். பின்னேரங்களில் மா பிழிந்து கொடுப்பது என் வேலை. இடியப்பம் பிழிகிற மர உரலை இரண்டு கையாலும் இறுக்க வேண்டும். அதை நான் வேலையாகவே எண்ணவில்லை. வீட்டு வேலை ஒரு வேலையா என்று கேட்கிற பரம்பரையில் வந்தவன், அதை உடற்பயிற்சி என்று எப்படி எண்ணுவேன்?

கடைசி அளவு எடுத்த அன்று வதனி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றப் பதினொரு பேருக்கும் இடக்கை மட்டுமே முன்னேறியிருந்தது. எனக்கு வலக்கையும் கிட்டத்தட்டச் சமனாக வந்துவிட்டது.

"ஓடினால், நடந்தால் உடம்பு முழுக்க நன்மை வரும், அது தெரிஞ்ச விஷயம். ஆனா ஒரு கையின்ரை சின்னத் தசையாலை மற்றக் கைக்கும் இவ்வளவோ!" என்று என் வலக்கையைத் தூக்கிப் பிடித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவள் ஆய்வைச் சமர்ப்பிக்கிற நாளுக்கு, அந்த அதிசயக் கையோடு என்னையும் வரச் சொன்னாள். புதுச் சேர்ட் போட்டேன். அம்மா எல்லோருக்கும் இடியப்பமும் சொதியும் சம்பலும் கட்டித் தந்துவிட்டாள். தேநீர் இடைவேளையில் புரொபசர் மூன்றாம் தரமும் எடுத்துப் போட்டுக்கொண்டு, பூப்போல இருக்கிறதே, யார் செய்தது என்று ஆங்கிலத்தில் விசாரித்தார்.

நான் விடுவேனா? முண்டியடித்துக்கொண்டு முன்னால் போனேன். "அவிக்கிறது அம்மா, சேர். பிழியிறது நான். ஒவ்வொரு பின்னேரமும். சரியான இறுக்கம், லேசுப்பட்ட ஆக்களாலை ஏலாது!"

எப்படி என்று ஆகாயத்தில் பிழிந்தும் காட்டினேன். புரொபசரின் வாய் அசைவதை நிறுத்தியது.

"இரண்டு கையாலுமா?"

"ஒரு கையாலை சரிவராது, சேர்."

"எப்போதிருந்து?"

"இந்த ஆராய்ச்சி தொடங்கின நேரம்தான், சேர்," என்றேன், இன்னும் சிரித்தபடி. பிறகுதான் வதனியின் முகத்தைப் பார்த்தேன்.

"வலக்கையாலை ஒரு வேலையும் செய்யேல்லை எண்டு சொன்னனீர்!"

"ஒண்டும் செய்யேல்லை. இடியப்பம்தான் பிழிஞ்சனான்."

புரொபசர் என்னைக் கணக்கிலிருந்து நீக்கினார். இன்னொருவரைப் பிடித்து முதலிலிருந்து பயிற்சி கொடுத்துக்கொண்டு வா என்று வதனியைத் திருப்பி அனுப்பினார். அவள் அழுததை மாமி வந்து சொன்னபோது எனக்கும் அழுகை வந்தது. அம்மாவுக்கோ வேறு கவலை. "இடியப்பம் பிழியிறது எக்ஸசைஸ் எண்டால், இவ்வளவு காலமும் பிழிஞ்ச என்னை ஒருத்தரும் அளந்து பாக்கேல்லையே!" என்றாள்.

பக்கத்து லொட்ஜில் வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்த ஒரு பெடியனின் காலைப் பிடித்துச் சம்மதிக்க வைத்தேன். பயிற்சி நாள் தவறாமல் அவனைச் செக்பொயின்ற் தாண்டிக் கூட்டிக்கொண்டுபோய், முடியும்வரை வாசலில் காவல் இருந்தேன். முதல் மாதம் வதனி என்னோடு கதைக்கவில்லை. இரண்டாம் மாதம், "சாப்பிட்டீரா?" என்று கேட்டாள். ஆய்வு தேறியது.

அந்தப் புத்தகம் இப்போது எங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. போன கிழமை மகள் அதை எடுத்துப் புரட்டிவிட்டு, "அம்மா, இதிலை எத்தனை பேரை வச்சுச் செய்தனீங்கள்?" என்று கேட்டாள்.

வதனி நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"பன்னிரண்டு பேரும் உங்கட அப்பாவும்."