பத்துக்குப் பதில் ஆயிரம்

சோமனூர்,
ஞாயிறு காலை.

அன்புள்ள மாப்பிள்ளை மதன்குமார் அவர்களுக்கு மாமனார் காளிச்சாமி எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் அத்தை ரங்கநாயகி, புவனா, எருமை உட்பட அனைவரும் நலம். உங்கள் பெட்டி மட்டும் நலமில்லை. போனில் சொல்லலாம்தான். ஆனால் நீங்கள் உடனே “பரவால்லீங்க மாமா” என்றுவிடுவீர்கள், எனக்குத் திட்டு வாங்கிய திருப்தி இருக்காது.

நீங்கள் பெங்களூர் வேலையை விட்டுவிட்டு, மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி செய்து விற்கப்போகிறேன் என்றபோது, ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசாதவன் நான். பழைய கம்பெனிக்கே திரும்பிப் போங்கள் என்று போன வாரம்வரை நச்சரித்தவனும் நானே. அந்த உறுத்தலில்தான், முதல் ஆர்டர் பேச நூல் பட்டறை சஹீர் பாய் வருகிறார் என்றதும் என்னால் ஆனதைச் செய்யக் கிளம்பினேன். பெட்டி விஷயமாக நீங்கள் சென்னைக்குப் பஸ் ஏறும்போது “மாமா, பெட்டியைத் தொட வேண்டாமுங்க” என்றீர்கள். தொடும் எண்ணமே எனக்கில்லை, பொட்டு வைக்கத்தான் போனேன். பொட்டு வைக்காமல் ஒரு தறியைக்கூட நான் ஓட்டியதில்லை. மூடியைத் திறந்து உள்ளே இருந்த ஒவ்வொரு சாமானுக்கும் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து வந்தேனா, அந்தக் குட்டி கெபாசிட்டருக்கு வைக்கும்போது விரல் சற்று அழுந்தி அதன் கால் ஒடிந்துவிட்டது.

சுவிட்சைப் போட்டால் மோட்டார் உதறியது. நீங்கள் எனக்கு விளக்கியது அப்போதுதான் புரிந்தது. உங்கள் பலகை மின்சாரத்தை நொடிக்கு ஆயிரம் தடவை விட்டு விட்டு அனுப்புகிறது. மோட்டாரை ஓட்டும் டிரைவுக்கோ ஒரே சீரான வோல்ட் வேண்டும். நடுவில் ரெசிஸ்டர் வழியாகக் கெபாசிட்டரில் நிரப்பினால், மேல்தொட்டியிலிருந்து குழாய்க்கு வருவதுபோல் நிதானமாக வரும். உங்கள் காகிதத்தில் கெபாசிட்டர் அளவு பத்து மைக்ரோபாராட் என்றிருந்தது. என் பழைய ஆம்ப்ளிபயரில் ஆயிரம் இருந்தது. பத்து போன இடத்தில் ஆயிரம் வைத்தால் மாப்பிள்ளைக்கு லாபம்தானே என்று பற்றவைத்துவிட்டேன்.

நேற்று சஹீர் பாய் வந்து, நூல் சுற்றும் மிஷினில் தன் நூலைக் கோத்துவிட்டு, பெட்டியின் வேகக் குமிழைத் திருகினார். மிஷின் தூங்கியது. முழுக்கத் திருகினார், லேசாகப் புரண்டு படுத்தது. “ஏனுங்க, கரண்ட் இருக்குதுங்களா?” என்றார். “இருக்குதுங்க, காப்பி குடிங்க, வந்துரும்” என்றேன். அவர் குடித்து முடிக்கவும் முழு வேகம் வந்தது. குறைக்கத் திருகினார், ஒரு முறுக்கு தின்று முடிக்கும்வரை குறையவே இல்லை. “ரோசிச்சுச் சொல்றனுங்க” என்று போய்விட்டார். தொட்டி பெரிதானால் நிரம்பவும் வடியவும் நேரமாகும் என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது. “ஏனுங்கப்பா, அவருதான் பத்துன்னு எழுதி வெச்சிருக்கறாரல்லங்க” என்று கேட்ட புவனா, அதற்குப்பின் என்னோடு பேசவில்லை. உங்கள் முதல் ஆர்டரை நானே கெடுத்துவிட்டேன், மாப்பிள்ளை.

இனி உங்கள் பெட்டியிலோ தொழிலிலோ தலையிட மாட்டேன். அவிநாசியப்பர் உங்களுக்குத் துணையிருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடச் சொன்னார் உங்கள் அத்தை.

இப்படிக்கு,
தலைகுனிந்த மாமனார்,
காளிச்சாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் சஹீர் பாய் கூப்பிட்டார். வேகம் மெதுவாக ஏறியதில் அவர் நூல் ஒருமுறைகூட அறுபடவில்லையாம். நான் கெபாசிட்டரை மாற்றி வைத்த கதையைச் சொன்னேன். “நிறுத்தறதுக்குத் தனியா சுவிட்ச் போட்டுக்கலாமுங்க. பன்னெண்டு பெட்டி வேணும், நீங்க வெச்ச டப்பாவோடயே குடுங்க” என்றார். ஆயிரம் மைக்ரோபாராட் பன்னிரண்டு வாங்கியாயிற்று. குமிழுக்கு மேலே ‘திருகியபின் காப்பி குடிக்கவும்’ என்று எழுதி ஒட்டியும் விட்டேன். உங்கள் பழைய கம்பெனி மேனேஜரும் வீட்டுக்குப் போன் செய்து, நீங்கள் திரும்ப வருவீர்களா என்று கேட்டார். உங்களைக் கேட்காமலே, “எங்க மாப்பிள்ளைக்கு நேரமில்லீங்க” என்று சொல்லி வைத்துவிட்டேன்.