சம்பந்தி பிடுங்கிய சாவிக் குமிழ்

ஸ்ரீரங்கம்,
ஞாயிறு காலை.

மன்னார்புரம் சம்பந்தி பிச்சைமுத்து அவர்களுக்கு, சண்முகசுந்தரம் வணக்கத்துடன் எழுதுவது.

என் கைக்கடிகாரத்தைக் கெடுத்தவர் நீங்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கு நானும் கமலவல்லியும் நலம். அங்கு அனைவரும் நலமாகத்தான் இருப்பீர்கள், கெட்டது என் கடிகாரம்தானே.

போன ஞாயிறு உங்கள் வீட்டு விருந்தில் கை கழுவப் போகும்போது கடிகாரத்தைக் கழற்றி டிவி பக்கத்தில் வைத்தேன். திரும்பி வருவதற்குள், "என்ன சம்பந்தி, எட்டு நிமிஷம் ஃபாஸ்டா ஓடுது, சரி பண்ணித் தரேன் இருங்க" என்று அதன் சாவிக் குமிழைப் பிடித்து இழுத்தீர்கள். எட்டு நிமிடம் முன்னால் ஓடுவது என் ஏற்பாடு; ஐம்பது வருடமாக நான் ஒரு ரயிலையும் தவறவிட்டதில்லை. நீங்கள் இழுத்த இழுப்பில் குமிழ் தெறித்து எங்கோ போய்விட்டது. பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ரயில் பெட்டியைக்கூட நாங்கள் அப்படி இழுத்ததில்லை. வீடே தரையில் படுத்துத் தேடியது. நான் சோபாவுக்கு அடியில் துழாவியதில் பேத்தி யாழினியின் கொலுசிலிருந்து விழுந்த மணி ஒன்றுதான் அகப்பட்டது. கண்ணாடிகூடப் போடாமல் அதன் காம்பில் கம்பியைச் சுற்றி, குறடால் முறுக்கி, அங்கேயே கொலுசில் மாட்டிக் கொடுத்தேன். அன்று பொருளைக் கெடுத்தவர் ஒருவர், சரிசெய்தவர் ஒருவர். யார் யார் என்று எழுத வேண்டியதில்லை.

மறுநாளே தெப்பக்குளம் பக்கம் கடிகாரம் பழுதுபார்க்கும் தஹ்ஸீன் பாயிடம் போனேன். கண்ணில் லென்ஸை மாட்டிப் பார்த்துவிட்டு, "குமிழ் மட்டும் போகலைங்கய்யா, உள்ள போற தண்டும் பாதியில ஒடிஞ்சு அதோடயே போயிருக்கு. யாரு இப்படி இழுத்தது?" என்றார். "சம்பந்தி" என்றேன். "அப்ப ஒண்ணும் சொல்றதுக்கில்ல" என்றார். புதுத் தண்டு நீளமாகத்தான் வருமாம், கடிகாரத்துக்கு ஏற்றபடி கொஞ்சம் கொஞ்சமாக நறுக்க வேண்டுமாம், வியாழக்கிழமை வரச் சொன்னார். வியாழன்வரை எதற்கு? டீசல் என்ஜினையே பிரித்து மாட்டியவன் நான், அதுவும் யாரும் சொல்லித்தராமல் பார்த்துப் பார்த்தே பழகியவன். தண்டை வாங்கி வந்து சமையல் மேடையில் வைத்து நறுக்கினேன். ஒரே நறுக்கு. குட்டையாகிவிட்டது. இரண்டாவது தண்டை நிதானமாக இரண்டு நறுக்கு நறுக்கினேன், அதுவும் குட்டை. மூன்றாவதை பாய் என் கையில் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். அவரே நறுக்கிப் போட்டார், கச்சிதம். ஆனால் குமிழ் வேண்டுமே? பாய் டப்பாவில் இருந்த எந்தக் குமிழின் திருகு மரையும் தண்டோடு சேரவில்லை. சேர்ந்தது ஒன்றே ஒன்று, பெண்கள் கடிகாரத்துடையது, சிவப்புக் கல் வைத்தது. "மூக்குத்தி மாதிரி எடுப்பாத்தான் இருக்கு, போட்டுக்குங்களேன்" என்கிறாள் கமலவல்லி. மாட்டேன்.

வருகிற வெள்ளிக்கிழமை சமயபுரத்தில் யாழினிக்குக் காதுகுத்து. இந்தக் கடிகாரம் என் கல்யாணத்தன்று மாமனார் கட்டிவிட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்த விசேஷமானாலும், நான் இதைப் பார்த்து, எட்டு நிமிடத்தைக் கழித்துக்கொண்டு, "நேரம் வந்தாச்சு" என்று உரக்கச் சொன்ன பிறகுதான் நடக்கும். நீங்களோ மாப்பிள்ளை அரவிந்தனிடம் ஒரு புது வாட்ச்சைக் கொடுத்தனுப்பினீர்கள். "மாமா, நீங்க எத்தனை அடி நடந்தீங்கன்னு இதுவே எண்ணிக்கும்" என்றார் அவர். மறுநாள் ராஜகோபுரத்துப் பக்கம் உட்கார்ந்து காபி குடிக்கும்போது அது மணிக்கட்டில் கிறுகிறுத்து என்னை எழுந்து நிற்கச் சொன்னது. ஃபோர்மேன் சொல்லியே நான் எழுந்ததில்லை! திருப்பி அனுப்பிவிட்டேன். "போனைப் பாத்தா நேரம் தெரியப்போகுது, இதுக்குப் போயி" என்றீர்களாம். போனைப் பார்த்துச் சொல்வதென்றால் நான் எதற்கு சம்பந்தி?

ஆகவே நடக்க வேண்டியது இது. நீங்கள் உங்கள் சோபாவைக் கவிழ்த்து அடித்துணியைக் கிழித்துப் பார்க்க வேண்டும். மாப்பிள்ளை டிவி அலமாரியைச் சுவரிலிருந்து நகர்த்த வேண்டும். சம்பந்தியம்மா பவுனம்மாள் துடைப்பத்தை உதறிப் பார்க்க வேண்டும். தஹ்ஸீன் பாய் வியாழன் மாலைவரை காத்திருப்பார். குமிழ் வராவிட்டால் நான் சமயபுரம் வரமாட்டேன். கமலவல்லி வருவாள், எனக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தனுப்புங்கள்.

சமயபுரத்தாள் உங்கள் குடும்பத்துக்கு எல்லா நலமும் தரட்டும், முக்கியமாக உங்கள் கைக்கு நிதானத்தை.

இப்படிக்கு,
குமிழ் இல்லாத கடிகாரத்துடன்,
சண்முகசுந்தரம்

பின்குறிப்பு: இதை உறையில் போடும்போது மகள் யாழினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குழந்தை தத்தித் தத்தி நடக்கும்போது கொலுசில் ஒரு மணி மட்டும் சத்தமே போடவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். கொலுசு மணிக்கு விளிம்பில் பல் பல்லாக வெட்டு இருக்காது, சாவிக் குமிழுக்குத்தான் இருக்கும். கமலவல்லி இன்னும் சிரித்து முடிக்கவில்லை. குறடை எடுத்தாலே குழந்தை ஊரைக் கூட்டுகிறாள். கொலுசையும் கழற்ற விடமாட்டேன் என்கிறாள். எழுதிய கடிதத்தைக் கிழிப்பவன் நானில்லை. இழுத்தவர் நீங்கள்தான், அதில் மாற்றமும் இல்லை. சோபாவை மட்டும் கிழிக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை ஓடாத கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு வருகிறேன். நீங்கள் பக்கத்தில் நின்று போனைப் பார்த்து நேரத்தை என் காதில் மட்டும் சொல்லுங்கள். உரக்கச் சொல்வது நான்.