இரும்புக் கொக்கிடம் சிக்கிய வலது கை

யாவ் மா தேய், கௌலூன்
வியாழக்கிழமை காலை

'துறைமுக மாலை' ஆசிரியர் பெருந்தகை ஃபுங் ஐயா அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் பத்திரிகையில் 'வெண்முகில் வாள்' என்ற புனைபெயரில் வீரக்கதை எழுதிவரும் சேத்தோ தலைதாழ்த்தி எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் இல்லத்தாரும் தங்கள் அச்சு இயந்திரமும் குறைவின்றி ஓடிக்கொண்டிருக்க வேண்டுகிறேன். இங்கே நானும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் என் வலது மணிக்கட்டு ஒடிந்து, மருந்துச் சாராயத்தில் ஊறி, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டப்பட்டிருக்கிறது. ஆகையால் இதை நான் சொல்ல, என் மனைவி பிக்ஹா எழுதுகிறாள். கையெழுத்து அவளுடையது, வீரம் என்னுடையது.

ஆறு நாட்களாகத் தொடர்கதை வரவில்லை. அதற்கு முதலில் மன்னிப்பு. மூன்று நாள் இடம் காலியாகக் கிடந்தால் அதைக் குதிரைப் பந்தயக் குறிப்புக்குக் கொடுத்துவிடுவேன் என்று தாங்கள் புத்தாண்டு விருந்தில் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. நான்கு வருடமாக நான் குடியிருக்கும் அந்த மூலையில் யாரோ குதிரையைக் கட்டிவிட்டார்கள் என்று கண்ணால் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அதனால் வெள்ளிக்கிழமை முதல் பேப்பரே வீட்டுக்குள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டேன். வெளியே போனால்கூடப் பேப்பர் கடை இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நடக்கிறேன், நேற்று அப்படி நடந்து ஒரு கருவாட்டுக் கூடையில் விழுந்தேன்.

கையில்தானே கட்டு, வாயில் இல்லையே, கடிதம் சொல்வதுபோலக் கதையையும் சொல்லி எழுதவைக்கலாமே என்று தாங்கள் கேட்பீர்கள். பிக்ஹாவும் அதைத்தான் கேட்டாள். அது முடியாது ஐயா. மற்ற எழுத்தாளர்கள் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, சிகரெட் புகையை விட்டுக்கொண்டு, நாயகனை ஏழு மாடி தாண்டவைப்பார்கள். நான் ஒரு குத்தை எழுதுவதென்றால் மொட்டை மாடிக்குப் போய் அந்தக் குத்தைக் குத்திப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன். கை செய்யாததை வாய் சொன்னால் அது பொய், பொய்யை நான் அச்சில் ஏற்றுவதில்லை.

அந்த நேர்மைதான் என்னைக் கவிழ்த்தது. இருநூற்றுப் பன்னிரண்டாம் பகுதியில் நம் நாயகனும் இரும்புக் கொக்கு என்ற சண்டைப் பள்ளியைச் சேர்ந்த அந்தப் பாதகனும் பாலத்தின்மேல் நேருக்கு நேர் நின்றார்களே, ஞாபகம் இருக்கும். கொக்கு நிலையை ஒரே குத்தில் எப்படி உடைப்பது என்று பார்க்க வெள்ளிக்கிழமை காலை மாடி ஏறினேன். எதிராளி வேண்டுமே, எதிர்வீட்டு மோக் அக்கா மூங்கில் கழியில் காயப்போட்டிருந்த மெத்தை விரிப்பைப் பாதகனாக வைத்துக்கொண்டேன். மூச்சை அடக்கினேன், இடுப்பைத் திருப்பினேன், குத்தினேன். விரிப்புக்குப் பின்னால் சிமெண்டுத் தண்ணீர்த் தொட்டி இருந்தது. நான் போட்ட சத்தத்தில் மோக் அக்கா ஓடிவந்தார். "ஐயோ, என் விரிப்புல ரத்தமா?" என்றார். விரலில் தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தது உண்மைதான். "அக்கா, என் கை போச்சு" என்றேன். "கை உங்களோடது, விரிப்பு என்னோடது. எதைப் பத்தி நான் கேக்கணும்?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

எலும்பு வைத்தியர் லூ மாஸ்டரின் கடை இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. வலியில் பெயர்ப்பலகையைப் படிக்காமல் உள்ளே போய்விட்டேன். ஆள் கதவு அகலம் இருப்பார். என் மணிக்கட்டைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு விசாரித்தார்.

"பேரு?"

"சேத்தோ."

"தொழில்?"

"எழுத்து."

"என்ன எழுத்து? தபாலாபீஸ் வாசல்ல உக்காந்து கடுதாசி எழுதிக் குடுக்கிறதா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "வீரக்கதை. துறைமுக மாலையில. வெண்முகில் வாள்னா இந்த ஊருக்கே தெரியும்" என்றேன். அப்போதுதான் ஐயா, அவர் தலைக்குமேல் கறுப்புப் பலகையில் தங்க எழுத்தில் 'இரும்புக் கொக்குப் பள்ளி, எட்டாம் தலைமுறை' என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பெயரை நான் குளிக்கும்போது கற்பனை செய்தேன் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். தினமும் அந்தப் பலகையைக் கடந்துதான் குளியலறைச் சோப்பு வாங்கப் போயிருக்கிறேன் போலிருக்கிறது.

"நீதானா அவன்?" என்றார் மாஸ்டர். மணிக்கட்டு இன்னும் அவர் கையில்தான் இருந்தது. "பாதகனுக்கு ஒரு பள்ளி வேணும்னா எங்க பரம்பரைதான் கிடைச்சுதா? போன மாசத்துல நாலு சிஷ்யனுங்க நின்னுட்டானுங்கய்யா! கேட்டா, 'மாஸ்டர், கதையில நம்ம ஆளுங்க தோத்துக்கிட்டே இருக்காங்க'ங்கிறான். நான் முப்பது வருஷமா யார்கிட்டயும் தோத்ததில்ல. உன்கிட்டதான் தினம் சாயங்காலம் தோக்குறேன்!" எனக்கு உள்ளுக்குள் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் வாய் "அது கதைதானே மாஸ்டர்" என்று சொல்லித் தொலைத்தது. அவர் ஒரு எலும்பை மட்டும் இழுத்து உட்காரவைத்தார். கண்ணில் நட்சத்திரம் பறந்தது. "ஒண்ணு ஆச்சு. இன்னொண்ணு பாக்கி இருக்கு. புதன்கிழமை காலையில டீ ஹவுஸுக்கு வா. பஞ்சாயத்து முடிஞ்சா அந்த எலும்பும் முடியும்" என்றார்.

பஞ்சாயத்துத் தேநீர் என்றால் என்னவென்று தங்களுக்குத் தெரியும். தப்புச் செய்தவன் எல்லோர் முன்னாலும் எழுந்து எதிராளியின் கோப்பையில் தேநீர் ஊற்ற வேண்டும். நான் ஊற்றினால் வெண்முகில் வாள் வளைந்தது என்று மறுநாளே மீன் சந்தை வரை பேசுவார்கள். ஊற்றாவிட்டால் வலது கை கோணலாகவே நின்றுவிடும், பிறகு குத்தவும் முடியாது, எழுதவும் முடியாது. நான்கு நாள் எனக்குக் கஞ்சிகூட இறங்கவில்லை. முடிவில், ஊற்றுவதில்லை, பார்வையாலேயே ஜெயிப்பது என்று தீர்மானித்து, கண்ணாடி முன் நின்று பார்வையைப் பழகினேன். பிக்ஹா அந்தப் பக்கம் வந்தவள், "என்னங்க, கண்ணுல தூசி விழுந்துடுச்சா?" என்று கேட்டாள்.

நேற்று போனேன். தேநீர் குடிக்க வந்தவர்கள் கொண்டுவந்து தொங்கவிட்டிருந்த கூண்டுப் பறவைகள் கத்திக்கொண்டிருந்தன. லூ மாஸ்டர் பதினோரு சிஷ்யர்களோடு உட்கார்ந்திருந்தார். நான் உட்காராமல், கட்டுப்போட்ட கையை மார்போடு வைத்து, அந்தப் பார்வையைப் பார்த்தேன். என்ன நடந்தது தெரியுமா ஐயா? மாஸ்டர் எழுந்தார். தேநீர்க் கெண்டியை எடுத்தார். என் கோப்பையில், தன் இரண்டு கையாலும், தானே ஊற்றினார்! பறவைகள்கூடக் கத்துவதை நிறுத்திவிட்டன என்றே நினைக்கிறேன். நான் இடது கையின் இரண்டு விரலால் மேஜையைத் தட்டி நன்றி சொன்னேன். "படிச்சேன்யா. மனுஷன் எழுதுற எழுத்தா அது? கண்ணுல தண்ணி வந்துடுச்சு" என்று சொல்லி, இறால் கொழுக்கட்டைத் தட்டை ஒதுக்கிவைத்துவிட்டு, அந்த மேஜையிலேயே இரண்டாவது எலும்பையும் உட்காரவைத்தார். வலிக்கவே இல்லை. வாடகைப் புத்தகக் கடையில் என் பழைய நாவல் எதையோ எடுத்துப் படித்திருக்கிறார் என்று புரிந்துகொண்டேன். ஆனால் அவரை எழுப்பி நிற்கவைத்தது என் பார்வைதான், அதில் சந்தேகமே இல்லை. (இந்த இடத்தில் பிக்ஹா சிரிக்கிறாள். ஏன் என்று கேட்டால் பேனா கசிகிறது என்கிறாள்.)

ஆகவே ஐயா, என் மன்றாட்டு ஒன்றே ஒன்று. பதினைந்தாம் தேதி கட்டைப் பிரிக்கிறார்கள். அதுவரை அந்த மூலையைக் குதிரைகளுக்குப் பட்டா போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். அந்த இடம் இல்லாவிட்டால் நான் மாடியில் நின்று துணிகளைக் குத்தும் ஒரு பைத்தியக்காரன், அவ்வளவுதான். தங்களுக்கும், அச்சுக்கோக்கும் தோழர்களுக்கும், என் கையெழுத்தைத் திட்டிக்கொண்டே பிழை திருத்தும் பெரியவருக்கும் உடல் வலுவும் நல்ல பசியும் என்றும் நிலைக்கட்டும்.

இங்ஙனம்,
தங்கள் பணிவுள்ள,
சேத்தோ (இடது கைக் கீறல்)

பி.கு.: ஐயா, இது பிக்ஹா. அவர் கீறல் போட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டார், காலால் உதைத்துப் பழகுகிறார். கடிதத்தைப் படித்து நீங்கள் குழம்பியிருப்பீர்கள், ஏனென்றால் உங்களுக்கு ஒரு நாள்கூடக் கதை வராமல் இருந்ததில்லை. வெள்ளிக்கிழமையிலிருந்து நான்தான் எழுதுகிறேன். இத்தனை வருடமும் சுத்தப் பிரதி எடுத்தது நான் என்பதால் கையெழுத்தில் உங்களுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. கறிகாய் வாங்கப் போவதாகச் சொல்லி, படகேறி வந்து உங்கள் வாசலில் கொடுத்துவிட்டுப் போகிறேன். செவ்வாய்க்கிழமைப் பகுதியில், இரும்புக் கொக்குக்காரர் சண்டையில் ஜெயித்த பிறகு, எதிரியின் தோளைத் தன் கையாலேயே பூட்டிவிட்டு, வலிக்கிறதா என்று கேட்பதாக எழுதினேன். லூ மாஸ்டர் அழுதது அதற்குத்தான். நின்றுபோன நாலு சிஷ்யர்களும் திரும்பி வந்துவிட்டார்களாம்.

உங்களுக்கும் தெரியவில்லை, மாஸ்டருக்கும் தெரியவில்லை. இந்த ஊரில் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடக் கூடியவர் என் வீட்டுக்காரர் ஒருவர்தான். எந்த வரி அடிபட்டு எழுதியது, எது உட்கார்ந்து எழுதியது என்று அவருக்கு மட்டும் தெரியும். அதனால் தயவுசெய்து அவரிடம் சொல்லாதீர்கள். பெருந்தன்மையோடு இடத்தைக் காத்துவைத்திருப்பதாக ஒரு பதில் போடுங்கள். பதினைந்தாம் தேதி பேனாவை அவரிடமே கொடுத்துவிடுவேன், அவர் உயிர் அதில்தான் இருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நான் உண்டாக்கினேனே அந்தப் படகுக்காரப் பெண், அவளை மட்டும் அவர் கையில் விட எனக்கு மனசு வரவில்லை. விட்டால் மறுநாளே வாளைக் கொடுத்துக் கூரைமேல் ஏற்றிவிடுவார். இன்றைய பகுதியை இதே உறைக்குள் வைத்திருக்கிறேன். அதில் அவளுக்கு ஒரு நல்ல உப்பு வியாபாரியைப் பார்த்துக் கல்யாணம் முடித்து, தென்கடல் தாண்டி அனுப்பிவிட்டேன். இனி அவர் தேடினாலும் கிடைக்க மாட்டாள்.